‘மெய்’ பொய்யாக இருக்குமா? ஹிசென் ததாஹிரோ கையெழுத்து – பார்த்துச் சொல்லுங்கள்

#1 | நகோயா_செந்தில் | மார்ச் 9

வணக்கம். மூன்று வருடமாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தவன். இப்போதுதான் வாய் திறக்கிறேன்.

போன மாதம் இங்கே ஒரு பழம்பொருள் சந்தையில் வகிசாஷி (குறுவாள்) ஒன்று வாங்கினேன். 2,60,000 யென். அலகு நீளம் 54.2 செ.மீ., ஆணித்துளை ஒன்றே ஒன்று. “பேப்பர் இருக்கு, பயப்படாதீங்க” என்றார் விற்றவர். வீட்டுக்கு வந்து மூங்கில் ஆணியைத் தள்ளி எடுத்துப் பிடியைக் கழற்றினால், உள்ளே மறைந்திருந்த காம்பில் எட்டு எழுத்து. கொல்லர் வெட்டும் இந்தக் கையெழுத்தை இங்கே ‘மெய்’ என்கிறார்கள். அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவரின் அப்பா படித்துச் சொன்னார்: ஓமி தைஜோ ஃபுஜிவாரா ததாஹிரோ. இணையத்தில் தேடினேன், பெரிய கை போலிருக்கிறது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கேள்வி ஒன்றுதான். இது அவர் போட்ட கையெழுத்தா? காம்பின் இரண்டு பக்கமும், கையெழுத்து கிட்டத்தில், அலகு முழுசாக என்று படங்கள் போட்டிருக்கிறேன்.

#2 | உளிச்சத்தம் | மார்ச் 9

படங்கள் நன்றாக இருக்கின்றன. ஃபிளாஷ் போடாமல் பக்கவாட்டில் விளக்கு வைத்தது புத்திசாலித்தனம். அந்தப் ‘பேப்பர்’ யார் கொடுத்தது? சங்கமா, அரசா? அதை முதலில் சொல்லுங்கள். காம்பில் கை வைக்காதீர்கள், எண்ணெய்த் துணியால்கூடத் தேய்க்க வேண்டாம்.

#3 | நகோயா_செந்தில் | மார்ச் 9

மாநிலக் கல்வி வாரியம் கொடுத்தது. நீளம், வளைவு, துளை எண்ணிக்கை, கையெழுத்து எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அரசாங்கமே ‘ததாஹிரோ’ என்று எழுதியிருக்கிறதே?

#4 | உளிச்சத்தம் | மார்ச் 10

அது தோரோக்குஷோ, பதிவுச் சீட்டு. நம் ஊர் வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் மாதிரி. வண்டி நல்ல வண்டியா என்று ஆர்.சி. சொல்லாது. பதிவுக்கு வரும் வாள் பாரம்பரிய முறையில் அடித்ததா என்று பார்ப்பார்கள், காம்பில் என்ன வெட்டியிருக்கிறதோ அதை அப்படியே எழுதிக்கொள்வார்கள். பொய்யை வெட்டியிருந்தால் பொய்யைத்தான் எழுதுவார்கள். விற்றவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் நீங்கள் எப்படிப் புரிந்துகொள்வீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கைமாறிய 20 நாளுக்குள் சீட்டு கொடுத்த வாரியத்துக்குப் பெயர் மாற்றத் தகவல் அனுப்ப வேண்டும். அனுப்பினீர்களா?

நீங்கள் நினைத்த பேப்பர் வேறு. ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் 1948இல் தொடங்கியது. அவர்கள் ஷின்சா என்ற தேர்வு நடத்தி ஹோசோன், தொக்குபெத்சு ஹோசோன், ஜூயோ, தொக்குபெத்சு ஜூயோ என்று நான்கு படியில் சான்று தருகிறார்கள். உங்களுக்கு முதல் படி கிடைத்தாலே கையெழுத்து சரி என்று அர்த்தம். சங்கம் முன்பு கொடுத்துவந்த பழைய ‘கிச்சோ’ தாள்களைக் காட்டி விற்பவர்களும் உண்டு. அவற்றில் சிலவற்றை இப்போது யாரும் நம்புவதில்லை.

இனி ஆளைப் பற்றி. ஹிசென் என்பது கியூஷு தீவில், இன்றைய சாகா பக்கம். நபெஷிமா பிரபுக்களின் ஆதரவில் இருந்த கொல்லர் குடும்பம், வீட்டுப் பெயர் ஹஷிமோதோ. முதல் தலைமுறை ததாயோஷி 1596இல் கியோத்தோ போய் உமெதாதா மியோஜுவிடம் தொழில் கற்று 1598இல் திரும்பினார். 1624இல் ‘முசாஷி தைஜோ’ பட்டம் வாங்கியதும் பெயரையே ததாஹிரோ என்று மாற்றிக்கொண்டார். முதல் குழப்பம் இங்கேதான். அப்பாவும் ததாஹிரோ, மகனும் ததாஹிரோ. 1632இல் அப்பா இறந்தபோது மகனுக்கு 19 வயது. 1641இல் ‘ஓமி தைஜோ’ பட்டம், 1693இல் மரணம். அறுபது வருடம் அடித்திருக்கிறார். உங்கள் காம்பில் இருப்பது இந்த மகன் பெயர். ஓமி என்பது கியோத்தோவுக்குப் பக்கத்து நாடு (அன்றைய மாகாணம்). இவருக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமில்லை, வெறும் கௌரவப் பட்டம். ஃபுஜிவாராவும் அப்படித்தான்.

அறுபது வருடம் வேலை செய்தவர், பெயர் பெற்றவர், விலை போகிறவர். அதனால் போலியும் ஏராளம்.

#5 | ஈப்போ_மாறன் | மார்ச் 10

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் தாத்தா வீட்டுப் பரணில் ஜப்பான்காரன் காலத்து வாள் ஒன்று கிடக்கிறது. தாத்தா யாரிடம் வாங்கினார் என்று யாருக்கும் தெரியாது. காம்பில் இரண்டு எழுத்து, அதுக்கு மேலே சின்னதாக ஒரு முத்திரை. துரு அதிகம். பித்தளை விளக்குத் தேய்க்கும் பாலிஷ் போட்டுத் துடைத்தால் எழுத்து தெளிவாகத் தெரியுமே, போடலாமா?

#6 | கழுகுமலைக்_கண்ணன் | மார்ச் 10

போடாதீங்க. போடாதீங்க. போடாதீங்க.

#7 | உளிச்சத்தம் | மார்ச் 10

மாறன், கண்ணன் மூன்று முறை சொன்னதை நான் நான்காவது முறை சொல்கிறேன். அலகில் துரு இருந்தால் நோய். காம்பில் துரு இருந்தால் அது பிறப்புச் சான்றிதழ். நூற்றாண்டுக்கணக்கான துரு கறுப்பு கலந்த பழுப்பில், தேய்ந்த கருங்காலிக் கட்டை மாதிரி ஒரு மினுப்போடு இருக்கும். நேற்று வந்த துரு செம்மண் நிறம், விரலில் ஒட்டும். அந்த வேறுபாட்டை வைத்துத்தான் வயதே சொல்கிறோம். பாலிஷ் போட்டால் சாட்சியையே கொன்ற மாதிரி.

உங்கள் முத்திரையைப் படத்தில் பார்த்தேன். ‘செகி’ என்ற எழுத்து. கிஃபு பக்கத்து செகி ஊரில் போர்க்காலத்தில் இராணுவத்துக்காகச் செய்தது. ஷோவா-தோ என்பார்கள். பெரும்பாலும் ஆலை இரும்பு, எண்ணெயில் தோய்த்து இறுக்கியது. கையெழுத்துகூடக் கொல்லன் வெட்டியதாக இருக்காது. அங்கே பெயர் வெட்டுவதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள், வரிசையாக வெட்டித் தள்ளினார்கள். ஜப்பானில் இதைப் பதிவு செய்ய முடியாது, அதனால் இங்கே கொண்டுவரவும் முடியாது. குடும்பத்தின் நினைவாக அங்கேயே இருக்கட்டும். முத்திரைக்குப் பதில் நட்சத்திரம் இருந்திருந்தால் வேறு கதை. இராணுவம் அங்கீகரித்து, பழைய முறையில் அடித்த கொல்லர்களின் குறி அது.

#8 | ஈப்போ_மாறன் | மார்ச் 10

நட்சத்திரம் இல்லைங்க. சரி, பாலிஷ் டப்பாவை விளக்குக்கே திருப்பிக் கொடுத்துட்டேன்.

#9 | உளிச்சத்தம் | மார்ச் 11

செந்தில் வாளுக்கு வருவோம்.

கையெழுத்து எந்தப் பக்கம் என்பது முதல் சோதனை. நுனி மேலே, கூர் விளிம்பு உங்கள் இடது கைப்பக்கம் வரும்படி பிடியுங்கள். உங்களைப் பார்த்து எழுத்து இருந்தால் அது ‘கதானா-மெய்’. கூர் வலப்பக்கம் இருக்கும்போது எழுத்து தெரிந்தால் ‘தாச்சி-மெய்’. வாளை இடுப்பில் எப்படி அணிந்தார்களோ, அதற்கு வெளிப்பக்கமாகத்தான் வெட்டுவார்கள். தாச்சி என்ற பழைய நீண்ட வாளைக் கூர் கீழே பார்க்கத் தொங்கவிட்டார்கள், பின்னால் வந்த நீண்ட வாளான கதானாவைக் கூர் மேலே பார்க்கச் செருகினார்கள். ஹிசென் குடும்பத்துக்கு இதில் ஒரு வீம்பு. நீண்ட கதானாவிலும் தாச்சிப் பக்கமே வெட்டுவார்கள். குறுவாள் என்றால் மட்டும் எல்லாரையும் போலக் கதானாப் பக்கம். இது தெரியாமல் மாட்டிக்கொண்ட போலிக்காரர்கள் உண்டு. உங்களுடையது குறுவாள், கதானாப் பக்கம். முதல் வாசலைத் தாண்டிவிட்டது.

துளை ஒன்றுதான், காம்பை யாரும் வெட்டிக் குறைக்கவில்லை. அதுவும் நல்லது.

துருதான் எனக்கு உறுத்துகிறது. காம்பின் மேற்பரப்பு நல்ல பழைய நிறம். எழுத்தின் பள்ளத்துக்குள் பத்து மடங்கு லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பாருங்கள். வெளியே என்ன நிறமோ அதே நிறம் பள்ளத்தின் அடியிலும் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை என்பதால். படத்தில் ‘ஃபுஜி’ எழுத்தின் அடியில் ஏதோ செம்மை தெரிகிற மாதிரி இருக்கிறது. விளக்கு ஏமாற்றுகிறதா தெரியவில்லை.

#10 | கும்பகோணம்_பேர்வெட்டி | மார்ச் 11

எனக்கு ஜப்பான் பாஷை ஒரு எழுத்து தெரியாது. ஆனா முப்பத்திரண்டு வருஷமா பாத்திரக் கடையில பேர் வெட்டுறேன். குடம், அண்டா, தாம்பாளம், சீர்வரிசைத் தட்டு. அதனால ஒண்ணு சொல்லலாமா?

உளி ஒரே இழுப்பா போகாது. தட்டு, நகர்த்து, தட்டு, நகர்த்து. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சின்ன முக்கோணம் விழும். பழகின கையில அந்த முக்கோணம் எல்லாம் ஒரே இடைவெளியில இருக்கும், திருப்பத்துல மட்டும் நெருங்கும். மனசுக்குள்ள எழுத்து இருக்கு, கை ஓடுது. யாரோ எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து நமக்குத் தெரியாத பாஷைல வெட்டச் சொன்னா (ஒருதரம் ஒரு அம்மா தெலுங்குல வெட்டச் சொன்னாங்க), நாலு தட்டு, நிமிர்ந்து பார்க்கணும், திரும்ப நாலு தட்டு. நிமிர்ந்த இடமெல்லாம் உளி ஒரு மயிரிழை ஆழமா இறங்கியிருக்கும்.

இந்தப் படத்துல அடர்த்தியா இருக்கிற எழுத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். மூணு இடத்துல நிமிர்ந்து பார்த்திருக்கான்.

#11 | உளிச்சத்தம் | மார்ச் 11

ஐயா, எழுந்து நின்று கும்பிடுகிறேன். இங்கே உள்ள பெரியவர்கள் சொல்வதும் இதுதான், ஆனால் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அந்த ‘ஃபுஜி’ 18 கோடு கொண்ட எழுத்து. போலிக்காரனுக்கு வேர்க்கும் இடம் அது.

பள்ளத்தின் இரு ஓரத்திலும் எழும் பிசிறைப் பற்றியும் சொல்லுங்களேன்.

#12 | கும்பகோணம்_பேர்வெட்டி | மார்ச் 11

புதுசா வெட்டினா பிசிறு விரல்ல கீறும். நாள்பட நாள்பட மழுங்கிப் போகும். இரும்பிலயும் அப்படித்தான் இருக்கணும். தம்பிய விரல் நுனியால மெதுவா தடவிப் பார்க்கச் சொல்லுங்க.

#13 | நகோயா_செந்தில் | மார்ச் 11

தடவினேன். ‘ததா’வில் ஒன்றும் தெரியவில்லை. ‘ஃபுஜி’யில் லேசாகச் சொரசொரப்பு.

#14 | தர்க்கன் | மார்ச் 12

இது கொஞ்சம் ஜோசியம் மாதிரிப் போகிறது. நான் சங்கச் சான்று பெற்ற ஒரு ஓமி தைஜோ ததாஹிரோ கையெழுத்தின் படத்தையும் செந்தில் படத்தையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். எட்டு எழுத்தும் கோட்டுக்குக் கோடு உட்காருகிறது. இதைவிட என்ன வேண்டும்?

#15 | உளிச்சத்தம் | மார்ச் 12

தர்க்கன், நீங்கள் கண்டுபிடித்தது முக்கியமான விஷயம். ஆனால் அது எதிர்ப்பக்கம் சாட்சி சொல்கிறது.

உங்கள் வங்கிக் கையெழுத்தைப் பத்து முறை போடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அச்சாக உட்காருமா? மனிதன் கை ஒருநாளும் தன்னையே நகலெடுப்பதில்லை. அறுபது வருடம் வெட்டியவர் கை இளமையில் ஒரு மாதிரி, முதுமையில் ஒரு மாதிரி. அச்சாகப் பொருந்தினால், யாரோ ஒரு ஒஷிகாதாவை முன்னால் வைத்துக்கொண்டு வெட்டியிருக்கிறார் என்றே முதலில் நினைக்க வேண்டும். ஒஷிகாதா என்றால் காம்பின் மேல் மெல்லிய தாளை வைத்து மைக்கட்டியால் தேய்த்து எடுக்கும் படி. கல்வெட்டுக்காரர்கள் மைப்படி எடுப்பதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

காலத்தோடு கையெழுத்து மாறுவதை வைத்தே போலியைப் பிடிக்கிறார்கள். எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து கொதேத்சு, முழுப் பெயரில் நாகசோனே ஒகிசாதோ, முன்பு கவசம் செய்தவர், ஐம்பதை ஒட்டிய வயதில் வாள் பக்கம் வந்தார். அவர் பெயரில் ‘புலி’ என்ற எழுத்து உண்டு. முதலில் வால் சுழித்த புலி, 1664இலிருந்து பெட்டி போன்ற புலி. ஒசாகாவின் சுகேஹிரோ 1674 வரை ‘த்சுதா’ என்ற தன் வீட்டுப் பெயரைக் கட்டம் கட்டமாக வெட்டினார், அதன்பின் உருண்டையாக, தூரிகையில் எழுதினது போல. ஆண்டு ஒன்று, எழுத்து வேறு ஆண்டுக்குரியது என்றால் ஆட்டம் முடிந்தது. ‘கொதேத்சுவைக் கண்டால் போலி என்று நினை’ என்று இங்கே பழமொழியே இருக்கிறது. ஷின்செங்குமி என்ற சாமுராய்க் காவல்படையின் தலைவர் கொந்தோ இசாமியே போலிக் கொதேத்சுவைத்தான் கட்டிக்கொண்டு திரிந்தார் என்று ஒரு கதை உண்டு.

#16 | தர்க்கன் | மார்ச் 12

சரி. பொருந்தாவிட்டால் போலி, பொருந்தினாலும் போலி. தலை விழுந்தால் உமக்கு, பூ விழுந்தால் எனக்கில்லை. அப்போது உண்மைதான் எப்படி இருக்கும்?

#17 | உளிச்சத்தம் | மார்ச் 13

நியாயமான கோபம். பதில்: அலகைப் பார்க்க வேண்டும்.

சங்கத்தின் கிளைக் கூட்டங்களில் கந்தெய் என்று ஒரு பயிற்சி உண்டு. ஐந்து வாள் வைத்திருப்பார்கள். காம்பு மூடியிருக்கும். அலகை மட்டும் விளக்கடியில் பிடித்துப் பார்த்து யார் அடித்தது என்று சீட்டில் எழுத வேண்டும். சரியாகச் சொன்னால் ‘அதாரி’, அதே பட்டறையின் நெருங்கிய ஆளைச் சொன்னால் ‘தோசென்’, தப்பென்றால் ‘இயா’. நான் முதல் வருடம் முழுக்க வாங்கியது இயா, இயா, இயா. கையெழுத்தை மறைத்துவிட்டுத்தான் ஆளைக் கண்டுபிடிக்கப் பழக்குகிறார்கள், கவனியுங்கள். கடைசியில் காம்பைத் திறக்கும்போது அலகு சொன்னதைக் கையெழுத்து ஆமோதிக்க வேண்டும்.

ஹிசென் வாளின் இரும்பு ரேகையை ‘கொனுகா-ஹாதா’ என்பார்கள். கொனுகா என்றால் தவிடு. அரிசித் தவிட்டைத் தட்டில் பரப்பினது போலப் பொடிப்பொடியாக, ஒரே சீராக, ஈரமாகத் தெரியும் இரும்பு. கூர் விளிம்பை ஒட்டிய வெண்கோடு, ஹாமோன், பெரும்பாலும் நேர்கோடாகவே போகும். அதன் ஓரம் ஒரே அகலத்தில் நாடா மாதிரி கடைசி வரைக்கும் வரும். நுனியில் விளிம்புக்கு இணையாகப் போய் அடக்கமாக உருண்டு திரும்பும். கையெழுத்தைத் திருடலாம், இந்தத் தவிட்டைத் திருட முடியாது.

செந்தில் வாளில் ஹாமோன் நேர்கோடுதான். ஆனால் நடுப்பகுதியில் நாடா ஒல்லியாகிறது. தவிடும் சில இடத்தில் இருக்கிறது, சில இடத்தில் ரேகை பெரிதாக, மரக்கட்டை மாதிரி விரிகிறது. நல்ல வேலை. ஓமி தைஜோவின் வேலை என்று என் கை எழுதாது.

#18 | கழுகுமலைக்_கண்ணன் | மார்ச் 13

ஒரு சந்தேகம். கையெழுத்து நீளமாக இருந்தால் நல்ல வாள் என்று ஒருவர் சொன்னார், உண்மையா?

#19 | உளிச்சத்தம் | மார்ச் 13

பிசென் (ஹிசென் இல்லை, வேறு நாடு) சுகேசதா விஷயத்தில் ஓரளவு உண்மை. பழைய உள்நாட்டுப் போர்க்காலத்தில் கட்டுக்கட்டாக அடித்ததில் ‘பிஷு ஒசாஃபுனே சுகேசதா’ என்று சுருக்கமாக இருக்கும் (பிஷு என்பது பிசெனின் சுருக்கம், ஒசாஃபுனே ஊர்ப் பெயர்). ஆள் சொல்லி அடித்ததில் ‘பிசென் நாட்டில் வாழும்’ என்று தொடங்கி, யோசோசாயெமோன் போன்ற சொந்தப் பெயரும் சேர்ந்து வரும். சுகேசதா என்ற பெயரில் அத்தனை பேர் இருந்தார்கள், சொந்தப் பெயர் இல்லாமல் பிரித்தறிய முடியாது. ஹிசெனுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சுருக்கமான ஐந்தெழுத்துக் கையெழுத்துக்கும் பெரிய மரியாதை.

#20 | நகோயா_செந்தில் | மார்ச் 14

எல்லாருக்கும் நன்றி. மனசு கொஞ்சம் கனக்கிறது, மறைக்கவில்லை. ஒரு நப்பாசைக் கேள்வி: மாணவர் யாராவது குருவுக்காக வெட்டியிருக்கலாம் அல்லவா?

#21 | உளிச்சத்தம் | மார்ச் 14

நப்பாசை இல்லை, நல்ல கேள்வி. அதற்கு ‘தைமெய்’ என்று பெயர். பட்டறையில் குருவின் அனுமதியோடு மாணவனோ மகனோ வெட்டுவது. அது போலி ஆகாது, சங்கமும் ஏற்கும். ஓமி தைஜோவின் மகன், மூன்றாம் தலைமுறை முத்சு நோ காமி ததாயோஷி, அப்பாவுக்குத் தோள் கொடுத்தே காலத்தைக் கழித்தவர். 1686இல், அப்பாவுக்கு முன்பே போய்விட்டார். ஆனால் தைமெய் வெட்டுகிறவன் தினமும் வெட்டுகிறவன். சீட்டைப் பார்த்து நிமிர மாட்டான்.

ஷின்சாவுக்கு அனுப்புங்கள். நான் படத்தைப் பார்த்துப் பேசுகிறேன், அவர்கள் கையில் பிடித்துப் பார்ப்பார்கள். நான் தப்பென்றால் இங்கேயே வந்து ஒப்புக்கொள்கிறேன்.

#22 | நகோயா_செந்தில் | ஆகஸ்ட் 23

இழையைத் தூசி தட்டி எழுப்புகிறேன். முடிவு வந்துவிட்டது. கிமெய். பொய்க் கையெழுத்து, சான்றிதழ் இல்லை. காரணம் எதுவும் எழுதவில்லை.

ரியோகோகுவில் இருக்கும் சங்கத்தின் வாள் அருங்காட்சியகத்துக்கு நானே போய் வாளை வாங்கி வந்தேன். மறுவாரம் கிளைக் கூட்டத்தில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். காம்பைத் திறக்கவே விடவில்லை. அலகை மட்டும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “ஹிசென்தான். ஆனால் பெரிய வீடில்லை, பக்கத்து வீடு” என்றார். அதே ஊர்ப் பக்கத்துக் கிளைக் கொல்லர் யாரோ அடித்தது, பின்னால் வந்தவன் பெரிய வீட்டுப் பெயரை வெட்டியிருக்கிறான் என்பது அவர் கணிப்பு.

இப்போது வேறு தலைவலி. பொய்க் கையெழுத்தை அழித்துவிட்டு, கையெழுத்தில்லா வாளாகத் திரும்ப அனுப்பினால் ஹிசென் என்று சான்று கிடைக்கலாம் என்கிறார்கள். அழிக்கவா?

#23 | தர்க்கன் | ஆகஸ்ட் 23

அழித்துவிடுங்கள். பொய்யைச் சுமந்துகொண்டிருக்கும் வரை அது நல்ல வாளாக இருந்தும் அநாதை. அழித்தால் ஒரு குடும்பமாவது கிடைக்கும். அடுத்து வாங்குகிறவனும் ஏமாற மாட்டான்.

#24 | உளிச்சத்தம் | ஆகஸ்ட் 24

தர்க்கன் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது, இங்கே தினமும் நடப்பதும் அதுதான். எனக்கு மட்டும் ஒப்பவில்லை. அரத்தால் தேய்த்துப் பெயரை எடுக்கும்போது அந்த இடத்துப் பழைய துருவும் போகும், திரும்ப நிறமேற்றுவது இன்னொரு பொய். பதிவுச் சீட்டிலுள்ள விவரத்தையும் வாரியத்தில் திருத்த வேண்டும். போலியும் வரலாறுதானே. எடோ காலத்தின் இறுதியில் (19ஆம் நூற்றாண்டு) கஜிஹெய் என்று ஒரு பெரும் போலிக்காரர் இருந்தார். தான் வெட்டிய பொய்க் கையெழுத்துகளைத் தானே படியெடுத்து வைத்திருந்தார். இன்று அந்தப் படிகளை வைத்துத்தான் அவருடைய போலிகளை அடையாளம் காண்கிறார்கள். அவர் வெட்டியதையெல்லாம் அழித்திருந்தால் ஒப்பிட என்ன மிஞ்சியிருக்கும்?

விற்கும் எண்ணம் இருந்தால் அழியுங்கள். வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் ‘கிமெய்’ என்று எழுதி உறையோடு வைத்துவிடுங்கள்.

#25 | நகோயா_செந்தில் | ஆகஸ்ட் 26

அழிக்கவில்லை. நேற்று கிராம்பெண்ணெய் தடவி வைத்துவிட்டேன். தாளும் எழுதியாயிற்று, தமிழிலும் ஒரு வரி: “மெய் பொய், அலகு மெய்.” பேர்வெட்டி ஐயா ஆசைப்படுவார் என்று எட்டு எழுத்தையும் தனித்தனியாக, கிட்டத்தில் படமெடுத்துப் போட்டிருக்கிறேன்.

#26 | கும்பகோணம்_பேர்வெட்டி | ஆகஸ்ட் 26

பார்த்தேன் தம்பி. ராத்திரி கடை சாத்தினப்புறம் ரொம்ப நேரம் பார்த்தேன்.

முதல் ஏழு எழுத்தும் பயந்து பயந்து வெட்டியிருக்கான். எட்டாவது எழுத்து, கூரை மாதிரி ஒண்ணு இருக்குதே, அதுலயும் பாதி வரைக்கும் பயம்தான். கடைசியா கீழ ரெண்டு புள்ளி இருக்கு பாருங்க. அதை மட்டும் ஆளுக்கு ஒரே தட்டு. நிமிரல. வேலை முடிஞ்சுதுன்னு கை தானா போட்டிருக்கு. இடது புள்ளி கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு, இடதுகைக்காரனா இருப்பானோன்னு ஒரு சந்தேகம்.

அந்த ரெண்டு புள்ளி மட்டும் இன்னும் கிட்டத்துல ஒரு படம் கிடைக்குமா? எங்க அண்ணனும் இடதுகையால வெட்டுறவர்தான், அவர்கிட்ட காட்டணும்.